தேக்கிலையில் எழுதிய எச்சரிக்கை

வெள்ளம் வடிந்ததும் காட்டுக் குளத்துத் தண்ணீர் கெட்டுப்போனது. பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். குடித்தால் வயிறு பிடுங்கிக்கொண்டு போகும்! காட்டுக்கு வைத்தியரான மயில், ஒரு தேக்கிலையில் எச்சரிக்கை எழுதிக் கரையிலிருந்த மரத்தில் உயரே மாட்டியது.

“இந்நீர்நிலையின் நீரைப் பருகுதல் உதரப்பிணிக்கு ஏதுவாகலின் விலக்கற்பாற்று.”

எழுத்தெல்லாம் எறும்பளவு. இலை அழகாக இருக்கட்டும் என்று, மான் ஒன்று தண்ணீர் குடிப்பதுபோல் கீழே பெரிய படம் வேறு!

ஒரு முள்ளம்பன்றித் தாய் தன் குட்டிகள் இரண்டோடு அங்கே வந்தது. இலையை அண்ணாந்து பார்த்தது. எழுத்து தெரியவில்லை. படம் நன்றாகத் தெரிந்தது.

“குடிங்கடா கண்ணுகளா!” என்றது.

இருட்டுவதற்குள் குட்டிகள் சுருண்டு விழுந்தன. பெரியது எப்படியோ பிழைத்தது. சின்னது பிழைக்கவில்லை.

மறுநாள் காலை தாய் மயிலைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னது.

“ஐயோ பாவம்! ஆனால் நான்தான் எழுதி வைத்தேனே! உனக்குப் படிக்கத் தெரியாதது என் குற்றமா?” என்றது மயில்.

தாயின் முட்கள் அத்தனையும் சிலிர்த்தன. “படிக்க எனக்குத் தெரியும்! அவ்வளவு உயரத்தில் எறும்பளவு எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால்தானே! ‘குடிக்காதே’ என்று பெரிதாக ஒரு வார்த்தை எழுதினால் என்ன?”

“அப்படி எழுதினால் வைத்தியர் எழுதியது மாதிரியா இருக்கும்?”

“ஓகோ! உம்முடைய பெருமைக்கா எழுதினீர்? என் பிள்ளை போய்விட்டதே! வாரும், நான் நின்ற இடத்தில் நின்று நீரே படியும்!”

மயில் மரத்தடியில் நின்று கழுத்தை நீட்டியது. கண்ணைச் சுருக்கியது. தான் எழுதிய எழுத்து தனக்கே தெரியவில்லை! தண்ணீர் குடிக்கும் மான் மட்டும் தெரிந்தது.

“என்னை மன்னித்துவிடு, அம்மா” என்று தலை குனிந்தது.

“மன்னிப்பு கிடக்கட்டும்! இன்னொரு தாய் வருவதற்குள் மாற்றி எழுதும்!”

மயில் வேறு இலையில் பெரிய எழுத்தில் எழுதியது: “இந்தத் தண்ணீரைக் குடிக்காதே! உயிர் போகும்!” குளத்தை வரைந்து, அதன்மேல் தடித்த பெருக்கல் குறி போட்டது. “இப்போது புரிகிறதா?” என்று தாயிடம் காட்டியது.

“புரிகிறது. ஆனால் தாகத்துக்கு எங்கே போவதாம்?”

மயில் நல்ல தண்ணீர் விழும் அருவியையும், அது இருக்கும் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறியையும் வரைந்தது. பழைய இலையைக் கழற்றிவிட்டு, புது இலையைத் தாழ்வாக மாட்டியது.

சற்று நேரத்தில் மான்கள் குட்டிகளோடு தாகமாக வந்தன. இலையைப் பார்த்தன. உடனே அருவிப் பக்கம் திரும்பி ஓடின.

முள்ளம்பன்றித் தாய் அந்தக் குட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றது. “இதை நேற்றே எழுதியிருக்கலாமே!” என்றது.



உயிரைக் காக்க எழுதுகிறவர் படிப்பவருக்குப் புரியும்படி எழுதாவிட்டால், பழி எழுதியவரையே சேரும்.