பொத்தான் இல்லாத வெள்ளைச் சட்டை

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகக் கூடாது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கான பதில் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருஷம். கரையோரத்துக் குடும்பங்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். தையநாயகியும் அவள் புருஷன் குணசீலனும் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தவர்கள். அவனிடம் இருந்தது ஒரு கைலியும் பனியனும்தான்.

அந்தச் சமயம் பார்த்து அவனுக்கு ஒரு வேலை வந்தது. டவுன் ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களைக் கைகூப்பி உள்ளே அழைக்க வேண்டும். நாளைக் காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து நில் என்று சொல்லிவிட்டார் முதலாளி. வேட்டியை மண்டபத்துச் சமையல்காரர் கொடுத்தார். சட்டைக்கு எங்கே போவது?

அன்று சாயங்காலமே, டவுனில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து லாரி நிறையத் துணிமூட்டைகள் வந்து இறங்கின. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கனகசபையும் கூடவே வந்தார். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் பச்சை நாடாவில் பூப்போல ஒரு முடிச்சு. ஒன்று விடாமல் தன் கையாலேயே கட்டியதாக மைக்கில் சொன்னார். தையநாயகியைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். நாடாவை உருவியதும் வாய் திறந்துகொண்டது; வேறு கட்டு கிடையாது. மேலே இருந்த இஸ்திரி போட்ட சேலையை எடுத்து அவள் கையில் வைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு அவள் மூட்டைக்குள் கைவிட்டாள். நல்ல சேலை மூன்றே மூன்று. அதற்குக் கீழே பாதி கிழிந்த பாவாடை, தொடை விட்டுப்போன பேண்ட், எண்ணெய் ஏறிய அடுப்படித் துணி, முடிச்சோடு அறுத்துப் போட்ட ஒரு சேலைக்கரை. எங்களை என்னவென்று நினைத்து இதை அனுப்பினார்கள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அடியில் ஒரு வெள்ளைச் சட்டை அகப்பட்டது. முதுகில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம். வாசலில் நிற்பவன் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் ஆசையாக விரித்தாள்.

ஒரு பொத்தான்கூட இல்லை. தானாக அறுந்து விழவில்லை. கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். நூல் நுனிகள் வரிசையாக நின்றன. மற்ற சட்டைகளைப் புரட்டினாள். எல்லாம் அப்படித்தான்.

கரையோரக் கடைகள் சேற்றில் மூடிக் கிடந்தன. காலையில் அவள் தாலிச்சரட்டில் கோத்து வைத்திருந்த ஊக்குகளைக் கழற்றி அவன் மார்பில் வரிசையாகக் குத்தி அனுப்பினாள்.

போன வேகத்தில் அவன் திரும்பி வந்தான். முதலாளி சொன்னதைத் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"புதுத்துணி விக்கிற கடைப்பா இது. வாசல்லயே ஒருத்தன் ஊக்கு குத்திக்கிட்டு நின்னா எவன் உள்ள வருவான்?"

விளக்கு வைப்பதற்குள் ஒழுங்கான சட்டையோடு வந்தால் சரி, இல்லாவிட்டால் இன்னொருவன் காத்திருக்கிறான் என்றாராம்.

போகட்டும், விடு என்றான் குணசீலன். அவள் விடவில்லை. சட்டையைச் சுருட்டி, அதே பச்சை நாடாவால் கட்டிக்கொண்டு, அந்தக் குடியிருப்பை விசாரித்து நடந்தே போனாள். அவனும் பின்னாலேயே போனான். கேட்டில் நின்றவள் குரலை உயர்த்தவில்லை.

"சட்டை குடுத்தீங்க. பொத்தான் யார்கிட்ட இருக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாடியிலிருந்து இறங்கி வந்த வத்சலா என்ற அம்மாளுக்குச் சட்டையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. அது அவள் வீட்டுச் சட்டை. "வெட்டினது நான்தாம்மா. கிழிசலை அரைச்சு நூலாக்குற மில்லுக்குன்னு, பொத்தானை வெட்டிட்டுத் தனி மூட்டையாக் குடுக்கச் சொல்லிச் சங்கத்துல கேட்டாங்க. அதுலதான் இதைப் போட்டேன். உடுத்துற துணியை வேற மூட்டையில வெச்சேன். ரெண்டையும் சேலைக்கரையைக் கிழிச்சு நல்லாக் கட்டித்தான் குடுத்தேன்."

லாரிக்காரர் மைதீன் அடுத்த நடைக்காக அங்கேதான் நின்றிருந்தார். தன்னிடம் வரும்போதே எல்லா மூட்டையும் பச்சை நாடாவோடு ஒரே மாதிரி இருந்ததாகவும், எல்லாம் மண்டபத்துக்கு என்றார்கள், ஏற்றினேன், இறக்கினேன் என்றும் அவர் சொன்னார்.

லாரிப் பக்கத்தில் நின்றிருந்த கனகசபை சிரித்தார். "நான் எந்த மூட்டையையும் அவிழ்க்கலை. வந்ததை வந்தபடி அனுப்பிச்சேன். ஓசியில வாங்கிட்டுப் பொத்தான் கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"ஓசின்னா அது என் மூஞ்சிதான் சார்" என்றாள் தையநாயகி. "நேத்து உங்க போட்டோவுக்குக் குடுத்தேனே, அது."

பொத்தானை வெட்டியவள் ஒருத்தி, கொண்டுவந்து இறக்கியவர் ஒருவர், அனுப்பி வைத்தவர் ஒருவர். மூவருமே தப்பு என்னுடையது இல்லை என்கிறார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: தையநாயகி தன் கோபத்தை இவர்களில் யார் கையில் கொடுக்க வேண்டும்?

விடை: கனகசபையின் கையில்தான். வத்சலா கட்டியது சேலைக்கரை. மைதீனிடம் வந்தது பச்சை நாடா. அறுத்த சேலைக்கரை மூட்டைக்குள்ளேயே கிடந்தது. நாடா கட்டிய கைதான் அதை அறுத்தது, மில்லுக்கு ஒதுக்கிய கிழிசலைக் கீழே திணித்து, படத்துக்காக மேலே மூன்று சேலையை வைத்தது. மூட்டைகள் நிறையத் தெரிந்தால் போதும் அவருக்கு. தையநாயகி சட்டையிலிருந்து நாடாவை அவிழ்த்து, அத்தனை பேர் பார்க்க அவர் சட்டைப்பையில் செருகினாள். வத்சலா, வெட்டிய பொத்தான்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை மாடியிலிருந்து கொண்டுவந்து கவிழ்த்து அதே பொத்தான்களைப் பொறுக்கியெடுத்து, படியிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். இருவரும் ஓட்டமாக ஓடினார்கள். ஜவுளிக்கடையில் விளக்குப் போட்டிருந்தது. வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட வேறொருவன் அவர்களைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றான்.