பனையேறிக்கு ஓய்வு நாள் போன கதை

அந்தக் காலத்தில் பனைமரத்துக்கு வாய் இருந்தது. அதிகம் பேசாது, கேட்டதற்குப் பதில் சொல்லும். அப்படி ஒரு பனையின் அடியில் வேதமுத்து என்ற பனையேறியும் அவன் மனைவி அன்னப்பழமும் குடியிருந்தார்கள்.

கடவுள் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "ஆறு நாள் ஏறிப் பாளை சீவிப் பதநீர் இறக்கு. ஏழாம் நாள் அரிவாளைத் தொடாதே. முந்தின நாள் இறக்கிய பதநீர் அன்றைக்கும் புளிக்காமல் இருக்கும். பாளையும் காயாது. அன்றைக்கு எனக்கும் வேலை கிடையாது. இந்த மரத்தடிக்கு வருவேன். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்."

சொன்னபடியே வாரந்தோறும் வந்தார். அன்னப்பழம் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பாள். பனையும் சேர்ந்துகொள்ள, பொழுது போவதே தெரியாது.

ஆனால் வேதமுத்துவின் மனசு சும்மா உட்காரவில்லை. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகாதா? இதுவரை காயவில்லை. அதனால் என்ன, இனிமேல் காயலாமே! கவலைப்பட அவனுக்குக் காரணமே வேண்டாம்.

ஓர் ஏழாம் நாள் காலையில் அரிவாளை இடுப்பில் செருகினான்.

"இன்னைக்கு ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்குல்லா? கலயம் நிறையப் பதநீர் இருக்கே" என்றாள் அன்னப்பழம்.

"அவரு வாரதுக்குள்ள இறங்கிருவேன். நீ பேசாம இரு."

உச்சிக்குப் போனதும் பனை கேட்டது: "வேதமுத்து, இன்னைக்கு எனக்கும் ஓய்வுதானே?"

"ஒரே ஒரு சீவு. பொறுத்துக்கோ" என்று பாளையைச் சீவிவிட்டான்.

கீழே பேச்சுக்குரல் கேட்டது. குனிந்து பார்த்தான். கடவுள் அன்றைக்கென்று சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். சீவிய பாளையிலிருந்து ஒரு சொட்டு அவர் புறங்கையில் விழுந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார். வேதமுத்து சட்டென்று மட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டான். உலகத்தையே படைத்தவருக்குத் தெரியாமல் ஓலைக்குள் ஒளிந்தானாம்!

"வேதமுத்து, இறங்கி வாப்பா. வந்து உட்காரு" என்றார்.

திட்டியிருந்தால் இறங்கியிருப்பான். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கூசவைத்தது. எந்த முகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருவது? மூச்சு விடாமல் மட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

அன்னப்பழம் நீட்டிய பட்டையை அவர் குடிக்காமல் வைத்தார். "அவனும் வரட்டும்" என்றார். பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்த பிறகே வேதமுத்து இறங்கினான். பட்டையில் பதநீர் நுரைத்துப் புளித்துக் கிடந்தது.

"எனக்காக ஒரு வாய்கூட குடிக்காம போயிட்டாரே" என்று அழுதான். "நீயாவது என்னை ஏசு" என்று பனையைக் கெஞ்சினான். பனை அதற்குப் பிறகு வாய் திறக்கவே இல்லை.

அடுத்த ஏழாம் நாளும் கடவுள் வந்தார். அவர் வருவதைத் தூரத்தில் கண்டதுமே வேதமுத்து வெட்கம் தாளாமல் வேறொரு மரத்தில் ஏறிவிட்டான்.

அன்று முதல்தான் பதநீர் வெயிலேறினால் புளிக்கிறது. பாளையை ஒரு நாள் விட்டாலும் காய்ந்துவிடுகிறது. பனையேறியும் இறங்கிய மரத்தடியில் உட்காராமல் அடுத்த மரத்துக்கு ஓடுகிறான். அவன் உட்கார இடம் வைத்துக்கொண்டு கடவுள் இன்னும் அந்த மரத்தடிக்கு வந்து காத்திருக்கிறார்.