பொன்னுரங்கம் கூட்டை ஏன் தள்ளிக் கட்டினான்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசிக்கொண்டிருந்தன என்று எல்லாரும் சொல்வார்கள். அவை கணினியிலும் வேலை பார்த்தன என்பதை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

ஓர் ஏரிக்கரை ஆலமரப் பொந்தில் ஒரு கணினி இருந்தது. தூக்கணாங்குருவி பொன்னுரங்கம் அதில் நிரல் எழுதுவான். மைனா சிந்தாமணி அந்த நிரலைக் கணினிக்குப் புரிகிற வடிவில் கட்டியெடுத்து ஓடவிடுவாள். அதற்குப் பெயர்தான் பில்ட். ஏரியில் தண்ணீர் ஏறினால் மணி அடித்து, கரைக்குக் கீழே குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட வேண்டும். அந்த நிரலுக்கு வேலையே அதுதான்.

எழுதுவதில் பொன்னுரங்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எழுதியதை வைத்துக்கொள்கிற லட்சணம் இருக்கிறதே! அவன் கையால் எழுதிய மூலக் கோப்புகள் இருந்த அதே ஃபோல்டரில்தான், ஒவ்வொரு பில்டுக்கும் கணினி கக்கிய கோப்புகளும் வந்து விழும். நேற்றைய பில்ட், முந்தாநாள் பில்ட், பாதியில் செத்துப்போன பில்ட் எல்லாம் ஒரே குவியல். அதைக் கிளறிக் கிளறியே சிந்தாமணிக்குத் தலைவலி வந்துவிடும்.

“ஏம்ப்பா, நீ எழுதினது போனா போனதுதான். மெஷின் கட்டினது போனா இன்னொரு தரம் கட்டிக்கலாம். ரெண்டும் ஒண்ணாப்பா? பில்டுக்குத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டுக் குடேன்.”

“எல்லாம் பக்கத்துல இருந்தாதான்க்கா எனக்குக் கை ஓடும். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரியும். எனக்கு?”

அவன் சிரித்துக்கொண்டே பறந்துவிடுவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் சிந்தாமணிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் அதே கூத்துதான். அந்நாளில் தூக்கணாங்குருவிகள் மரத்தில் கூடு கட்டவில்லை. கரைக்குக் கீழே, வயலோரத்தில், புல்லை எங்கே கிழித்தார்களோ அங்கேயே தரையில் பின்னிக் குடியிருந்தார்கள். பொன்னுரங்கத்தின் மனைவி அமராவதி அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கிழித்த புல்லும், பாதி பின்னியதும், பிடிக்காமல் பிய்த்துப் போட்டதும் கிடந்தன.

“முட்டை மேல உக்காந்திருக்கேனா, குப்பை மேல உக்காந்திருக்கேனான்னே தெரியலக்கா,” என்பாள் சிந்தாமணியிடம். “இவர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மணி கோளாறு பண்ணியது. தண்ணீர் ஏறாதபோது அடித்தது. கீழே உள்ளவர்கள் குஞ்சு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறி, ஒன்றுமில்லை என்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். பொன்னுரங்கம் காலையிலேயே வந்து நிரலைத் திருத்தினான். பில்ட் போட்டால், பழைய கோப்பு ஒன்று எங்கோ ஒட்டிக்கொண்டு பழையபடியே அடித்தது.

“அக்கா, பழைய பில்டையெல்லாம் துடைச்சுட்டு மொதல்லேருந்து கட்டுங்க.”

“எதைப்பா துடைக்க? எது உன்னுது, எது மெஷினுது?”

“பார்த்தாலே தெரியுமேக்கா! மழை வலுக்குது, வீட்டுல அவ தனியா இருக்கா,” என்று சொல்லிவிட்டுப் பறந்தே போய்விட்டான்.

சிந்தாமணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாப் பெயரும் ஒன்றுபோலவே இருந்தது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், கடைசியில் பொறுமையும் போனது. பழைய பில்டுகளோடு, காலையிலிருந்து வந்து விழுந்ததும் பில்ட்தானே என்று, அத்தனையையும் ஒரே வீச்சில் வளைத்து அழித்தாள்.

அதில் அவன் அன்று காலை திருத்திய, தண்ணீர் ஏறுவதைக் கணக்கிடும் ஏரிமட்டக் கோப்பும் இருந்தது. அதற்கு வேறு நகல் கிடையாது.

“கட்டு,” என்றாள் கணினியிடம்.

“எதை வைத்துக் கட்ட?” என்று கேட்டது கணினி.

மூலக் கோப்பையும் சேர்த்து அழித்துவிட்டது சிந்தாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரி தளும்பத் தொடங்கியிருந்தது. அவளே பறந்து போய்த் தொண்டை கிழியக் கத்தினாள். எலிகளும் கீரிகளும் கிளம்பின. அமராவதி மட்டும் முட்டையை விட்டு அசையவில்லை.

“ஏக்கா, மணி அடிக்கலையே? மணி அடிச்சப்பவே ஒண்ணுமில்லாமப் போச்சே.”

“மணி இனிமே அடிக்காதுடி! எழுந்திரு!”

அதற்குள் தண்ணீர் வந்து கூட்டைப் புரட்டிவிட, முட்டைகள் புல் குவியலுக்குள் உருண்டுவிட்டன. பொன்னுரங்கமும் அமராவதியும் குவியலைக் கிளறினார்கள். கிழித்த புல், பின்னிய புல், பிய்த்த புல் என்று வந்துகொண்டே இருந்தது. முட்டைகள் அகப்படவில்லை. குவியல் அப்படியே மிதந்து போயிற்று. கரைமேல் நின்று அமராவதி அழுத அழுகையைச் சிந்தாமணியால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.

“நான்தாம்ப்பா அழிச்சேன்,” என்றாள்.

பொன்னுரங்கம் தலையை நிமிர்த்தவில்லை. “அழிக்கிற மாதிரி வெச்சது நான்க்கா.”

அமராவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். “இனிமே புல்லைக் கிழிக்கிற இடத்துல நான் குடியிருக்க மாட்டேங்க. வேற எங்கயாவது கட்டுங்க. நான் வந்து பார்த்துச் சரின்னு சொன்னாதான் குடிவருவேன்.”

மழை ஓய்ந்ததும் அவன் வயலில் புல்லைக் கிழித்து, தூரத்தில் கிணற்றின்மேல் சாய்ந்திருந்த பனைமரத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னினான். பாதி முடித்தபோது அமராவதி வந்தாள். உள்ளே புகுந்தாள், இழுத்துப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு பெரிய சண்டை வரப்போகிறது என்று சிந்தாமணி காத்திருந்தாள்.

பொன்னுரங்கமோ அலகைத் துடைத்துக்கொண்டான். “போனா போவுதுக்கா. வயல்ல புல்லு அப்படியேதானே இருக்கு? வேற ஒண்ணு கட்டிக்கிறேன்.”

சிந்தாமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “இதைத்தானேடா நான் அத்தனை நாளா கத்தினேன்!” என்றாள்.

அவன் ஆலமரத்துக்குப் போய், பில்டுக்குத் தனி ஃபோல்டர் போட்டுவிட்டு, ஏரிமட்டக் கோப்பை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினான்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிக்குப் புல் ஓரிடம், கூடு வேறிடம் என்று ஆயிற்று. பெட்டை வேண்டாம் என்று விட்டுப்போன அரைக்கூடுகள் பனைமரங்களில் இன்றும் தொங்குகின்றன. நிரல் எழுதுகிறவர்களும் பில்டைத் தனியே ஒதுக்கி வைக்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் பயமில்லாமல் துடைக்கலாம் என்று. எல்லாரும் அல்ல. பொன்னுரங்கம்போல் ஒரே குவியலாகப் போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மைனா காலையிலிருந்து ஓயாமல் கத்துவதும் அன்று முதல்தான்.