பொந்தை அடைத்த நன்றி

புங்கங்காட்டுக் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனது ஒரு முள்ளம்பன்றி. அதன் பெயர் சிலுப்பன். வாயைத் தண்ணீரில் வைத்ததுதான் தாமதம், எதிர்க்கரையிலிருந்து ஓர் அணில் கத்தியது.

"வீரரே, நன்றி!"

சிலுப்பன் தலையைத் தூக்கியது. மரியாதைக்குப் பதில் சொல்ல வேண்டுமே! "உங்க நன்றிக்கு நன்றி!" என்றது.

அணில் பூரித்துப் போனது. "நன்றிக்கு நன்றி சொன்னதுக்கு நன்றி!"

"அதுக்கும் நன்றி!"

"ஐயோ, அதுக்கும் எங்க நன்றி!"

அதற்குள் கொக்கு பறந்து வந்தது. "என் நன்றியையும் சேர்த்துக்குங்க!" என்றது. தவளைகள் எல்லாம் ஒரே குரலில் "நன்றி! நன்றி!" என்று கத்தின. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி சிலுப்பனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் வாயெட்டும் தூரத்தில் இருந்தும், ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் வீட்டுக்குத் திரும்பியது.

காட்டுக்கு இந்த நன்றிப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. போன கோடையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று மலைக் கணவாய் வழியாகப் புங்கங்காட்டுக்குள் நுழையப் பார்த்தது. தடுக்கப் போனவை மூன்றே உயிர்கள். முள்ளம்பன்றி சிலுப்பன், உடும்பு வைரன், செங்காலி என்ற பெண் கௌதாரி. செந்நாய்கள் ஓடிப்போயின. ஆனால் சிலுப்பன் நொண்டிக்கொண்டு திரும்பியது. வைரன் பாதி வாலோடு திரும்பியது. செங்காலி திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து காடு முழுக்க நன்றிதான். அதற்கெல்லாம் தலைவர் மத்தளம் என்ற குரங்கு. அது பேசினாலே மரம் அதிரும்.

"வீரரை வெறுங்கையோட அனுப்பலாமா? முள்ளுதான் சும்மா இருக்கே!" என்று சொல்லி, ஒருநாள் சிலுப்பனின் முதுகு முள்ளில் ஒரு கொய்யாப்பழத்தைக் குத்திவிட்டது மத்தளம். அடுத்து முயல் ஒரு செம்பருத்தியைக் குத்தியது. அதைப் பார்த்து மான் ஒரு மாம்பிஞ்சைக் குத்தியது. பிறகு கேட்க வேண்டுமா? சிலுப்பன் நடமாடும் பூக்கடையாகிவிட்டது. போகிற இடமெல்லாம் பின்னாலேயே தேனீக்கள் ரீங்காரமிட்டுக்கொண்டு வந்தன!

உண்மையைச் சொன்னால், முதலில் சிலுப்பனுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. நாலு பேர் பார்க்கட்டும் என்று சுற்றுவழியில்கூடப் போனது. போகப்போகத்தான் அலுத்தது.

"நான் என் கடமையைத்தான் செஞ்சேன்" என்று சொல்லிப் பார்த்தது.

"ஆகா, என்ன அடக்கம்! நன்றி!"

பேசாமல் நின்று பார்த்தது.

"ஆகா, என்ன கம்பீரம்! நன்றி!"

பொறுக்க முடியாமல் ஓட்டம் பிடித்தது.

"ஆகா, இந்தக் காலோட என்ன வேகம்! நன்றி! நன்றி!"

வைரனோ ஓடவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. பாறைக்கு அடியில் இருந்த தன் பொந்துக்குள் போனதுதான், வெளியே தலைகாட்டவே இல்லை. சிலுப்பன் மட்டும் தினமும் பொந்து வாசலுக்குப் போய்க் கூப்பிடும்.

"ஏன்டா வெளிய வரமாட்டேங்குற?"

"வந்தா நன்றி சொல்லுவாங்க" என்றது உள்ளிருந்து வைரன்.

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க!"

"அதேதான்டா! சொல்லிட்டுப் போறாங்க. நின்னு ஒரு வார்த்தை கேக்குறதில்ல. அவங்க நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்குச் செங்காலி ஞாபகம் வருது. அவளைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை என்பது சிலுப்பனுக்கும் தெரியும். முதுகில் இருந்த கொய்யாப்பழம் திடீரென்று மிகவும் கனத்தது.

வைரன் வெளியே வராத செய்தி மத்தளத்தின் காதுக்கு எட்டியது. உடனே அது ஆலமரத்தின் உச்சியில் ஏறி நின்றுகொண்டது.

"கேளுங்க, கேளுங்க! வீரர் வெளிய வரலைன்னா என்ன? நம்ம நன்றி உள்ள போகட்டும்! நாளைக்குக் காலையில நன்றித் திருவிழா! எல்லாரும் பூவோட வாங்க!"

மறுநாள் பொந்து வாசலில் திருவிழாக் கூட்டம். முயல்கள் செம்பருத்தி கொண்டுவந்தன. மான்கள் கொம்பு நிறையக் கொன்றைப் பூச்சரம் சுற்றிக்கொண்டு வந்தன. யானை மட்டும் பூவைத் தனியாகப் பறிக்கச் சோம்பல்பட்டு, பூத்துக் குலுங்கிய புங்க மரக் கிளைகளை அப்படியே முறித்துத் தூக்கி வந்தது. எல்லாம் பொந்து வாசலில் விழுந்தன. ஒவ்வொரு குவியல் விழும்போதும் "நன்றி! நன்றி!" என்று கூட்டம் குதித்தது. மயில்கள் ஆடின. கரடி ஒன்று உணர்ச்சிவசப்பட்டு உருண்டே போய்விட்டது.

சிலுப்பன் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. வழியெல்லாம் நன்றி சொல்லி நிறுத்தினால் என்ன செய்யும்? வந்து பார்த்தால், பொந்து இருந்த இடத்தில் ஒரு பூமலை!

"வைரன் எங்க?" என்று பதறியது.

"உள்ளதான்!" என்றது மத்தளம். "ஆனந்தக் கண்ணீர் விடுறார் போல. சத்தத்தையே காணோம்!"

சிலுப்பன் பூக்குவியலில் காதை வைத்தது. அடியாழத்திலிருந்து மெல்லிய இருமல் கேட்டது. அந்தப் பொந்துக்கு வேறு வாசலே கிடையாது.

"பூவை எடுங்க!" என்று கத்தியது சிலுப்பன். "சீக்கிரம் பூவை எடுங்க!"

"கேட்டீங்களா?" மத்தளம் துள்ளியது. "பூவை எடுக்கச் சொல்றார்! பத்தலையாம்! ஓடுங்க, இன்னும் பூ எடுங்க!"

கூட்டம் ஓடியது. ஓடிய வேகத்தில் பூவோடு திரும்பி வந்தது. பூமலை இன்னும் உயர்ந்தது.

"ஐயோ, போடாதீங்க! அள்ளுங்க! அள்ளுங்க!"

"அள்ளி அள்ளிப் போடணுமாம்!"

யானை தும்பிக்கை நிறைய அள்ளி இன்னொரு குவியலைக் கொட்டியது. "நன்றி!" என்று பிளிறியது.

சிலுப்பன் தானே தோண்டப் பார்த்தது. நொண்டிக் கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு பிடி தோண்டினால் இரண்டு பிடி சரிந்தது. இருமலும் நின்றுவிட்டது.

அப்போது சிலுப்பன், கணவாயில் செந்நாய்களுக்கு முன்னால் செய்ததைச் செய்தது. உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி, அந்தச் சண்டையில் உதிர்ந்தது போக மிச்சமிருந்த முட்களை எல்லாம் விறைத்து நிறுத்தியது. கடகடவென்று ஒரு சத்தம்! பூக்களும் மாம்பிஞ்சுகளும் நாலாபுறமும் பறந்தன. கொய்யாப்பழம் நேரே போய் மத்தளத்தின் மூக்கில் மோதியது. ஆட்டம் நின்றது. பாட்டும் நின்றது.

"எல்லாரும் வாயை மூடுங்க! உள்ள அவனுக்கு மூச்சு முட்டுது! நீங்க கொட்டின பூதான் அவனைக் கொல்லப் போகுது! அத்தனையையும் அப்புறப்படுத்துங்க!"

முதலில் ஓடி வந்தது கீச்சி என்ற மூஞ்சூறுதான். வந்த வேகத்தில் பூவைக் கீறித் தள்ள ஆரம்பித்தது. பிறகு முயல்கள் பாய்ந்தன. மான்கள் கொம்பால் முட்டித் தள்ளின. யானை தான் கொண்டுவந்த கிளைகளைத் தானே இழுத்து எறிந்தது. மத்தளம் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அள்ளி வீசியது. வீசும்போது அழுதது.

பொந்தின் வாய் தெரிந்தது. சிலுப்பன் தலையை நுழைத்து, வைரனின் முன்னங்காலைக் கவ்வி வெளியே இழுத்தது. வைரன் மல்லாந்து கிடந்தது. அசைவே இல்லை.

"வைரா!" என்றது சிலுப்பன். "டேய் வைரா! கணவாயிலேயே போகாத நீ, பூவுக்குள்ளயா போகணும்?"

பதிலுக்கு வந்தது ஒரு தும்மல். என்ன தும்மல்! வைரனின் மூக்கிலிருந்து புங்கம்பூக்கள் பொரியாகச் சிதறின. கூட்டம் நாலடி பின்னால் தாவியது. அடுத்த தும்மல், அதற்கடுத்த தும்மல்! ஒவ்வொரு தும்மலுக்கும் அதன் அரை வால் தரையில் படார் படார் என்று அடித்தது. சிலுப்பன் சிரிக்கிறதா அழுகிறதா என்று அதற்கே தெரியவில்லை.

மத்தளம் கூனிக் குறுகி முன்னால் வந்தது. "வீரரே, மன்னிச்சிடுங்க. நீங்க பிழைச்சதுக்கு நன்…" என்று ஆரம்பித்து, சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. பிறகு விரலிடுக்கு வழியாகக் கேட்டது: "அப்ப நாங்க நன்றியே சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்கப்பா, யாரு வேண்டாம்னா?" என்றது வைரன், மூக்கைத் துடைத்தபடி. "சொல்லிட்டு ஓடாதீங்க. கொஞ்சம் உக்காருங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாது. முழிப்பேன். பரவாயில்ல, முழிக்கிற வரைக்கும் பக்கத்துல இருங்க."

எல்லாம் உட்கார்ந்தன. யானை உட்கார்ந்ததும் பூமி ஒருமுறை குலுங்கியது. கீச்சிதான் முதலில் வாயைத் திறந்தது.

"அண்ணே, அன்னைக்குச் செங்காலி அக்காவும் உங்ககூட வந்தாங்களே. அவங்க எப்படி இருப்பாங்க?"

வைரன் சிலுப்பனைப் பார்த்தது. சிலுப்பன் வைரனைப் பார்த்தது.

"பாடுவா" என்றது வைரன் மெதுவாக. "அப்பப்பா, அந்தப் பாட்டு! சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. சண்டைக்கு நடுவுல, பயம் போகணும்னு பாட ஆரம்பிச்சா பாருங்க! செந்நாய்த் தலைவன் யாருக்கோ வயித்துவலின்னு நினைச்சுத் திரும்பிப் பார்த்தான்! அந்த நேரம் பார்த்துத்தான் நான் அவன் காலைக் கவ்வினேன்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கரடி மறுபடியும் உருண்டது. வைரனும் சிரித்தது. அது சிரித்துச் சிலுப்பன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"பின்னால ரெண்டு நாய் எங்க மேல பாய வந்துச்சு" என்றது சிலுப்பன். "நாங்க பார்க்கல. அவதான் பார்த்தா. கத்திக்கிட்டே குறுக்க பறந்தா. அவ பறக்கலைன்னா இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் இல்ல."

யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மத்தளம், மிதிபடாத ஒரே ஒரு கொன்றைப் பூவைத் தேடி எடுத்தது. "இதை அவங்களுக்கு எங்க வைக்கிறது?" என்று, வாழ்க்கையில் முதன்முறையாக மெல்லிய குரலில் கேட்டது.

"கணவாய்ல அவ விழுந்த இடத்துல ஒரு கரும்பாறை இருக்கு. வாங்க, காட்டுறேன்" என்றது வைரன்.

எல்லாம் சேர்ந்து புறப்பட்டன. சிலுப்பன் நொண்டுவதைப் பார்த்து, யானை தன் நடையைத் தளர்த்திக்கொண்டது. கூட்டத்தில் யாருமே நன்றி என்று கத்தவில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று சிலுப்பனுக்குத் தோன்றியது. அதை நினைத்துத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டது.

"அண்ணே, அந்தப் பாட்டு எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்டது கீச்சி.

வைரன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியது. படு மோசமாக இருந்தது. "இல்லடா, இன்னும் மோசமாப் பாடுவா!" என்று சிலுப்பனும் சேர்ந்துகொண்டது. பிறகு மத்தளம் பாடியது, யானை பாடியது, மொத்தக் காடும் சுருதி தப்பிப் பாடிக்கொண்டே கணவாயை நோக்கி மலை ஏறியது.

நன்றியை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடாமல், நமக்காகப் போராடியவரின் அருகில் அமர்ந்து அவர் மனதில் உள்ளதைக் கேட்பதே மெய்யான நன்றி.