தேருக்குக் கட்டை போட்டவன்

அரசர்கள் நினைத்தபோதெல்லாம் தேரில் போய்க்கொண்டிருந்த காலம் அது. மருதந்துறைச் சிவனுக்கோ வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தேர். அந்தத் தேருக்குக் கட்டை போட்டவன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவன் பெயர் சடையன். தேர் உருளும்போது சக்கரத்தோடு கூடவே குனிந்து நடப்பான். வேகம் கூடினாலும், மூலையில் திரும்பவேண்டி வந்தாலும், நீளப் பிடி போட்ட மரக்கட்டையைச் சக்கரத்தடியில் கொடுப்பான். தேர் நிற்கும், திரும்பும், பிறகு போகும். முப்பது வருடமாக இதே பாடு. இடுப்பு போயிற்று, முழங்கால் போயிற்று. ஊரெல்லாம் அண்ணாந்து கும்பிடும்போது அவன் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். தேரில் சாமி எப்படி இருப்பார் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அலுத்துப்போயிருந்தான், பாவம்.

அந்த வருடம் புது அரசன் தேர் பார்க்க வந்தான். பொறுமை மருந்துக்கும் இல்லாதவன். சாயங்காலம் நிலைக்கு வரும் தேர் உச்சிவேளைக்குள் வந்தாகவேண்டும் என்றான். கட்டை போட்டுப் போட்டு நிறுத்துவதால்தான் தாமதம் என்று யாரோ வாய் திறக்க, இன்றைக்குக் கட்டையே வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டான்.

வேறொருவனாக இருந்தால் ஆபத்து என்று வாதாடியிருப்பான். சடையனுக்கோ விட்டது தொல்லை என்று இருந்தது. ஒருநாள்தானே, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பழக்கதோஷத்தில் கட்டையைத் தோளில் சாத்தியபடி, இன்றைக்காவது சாமியைப் பார்த்துவிடலாம் என்று கூட்டத்தோடு நடந்தான்.

முதல் மூலையில் தேர் ஓட்டமாய் ஓடித் திரும்பியது. சடையன் அண்ணாந்தான். தூக்கிய கைகள் மறைத்தன.

இரண்டாம் மூலையில் ஒரு கூரையைப் பிய்த்துக்கொண்டு திரும்பியது. சடையன் அண்ணாந்தான். அரசனின் குடை மறைத்தது.

மூன்றாம் மூலையில் தெரு குளத்தை நோக்கிச் சரியும். படியெல்லாம் மாவிளக்கோடு பெண்கள். சடையன் அண்ணாந்தான். காற்றில் குடை விலகியது, சாமியின் மாலை தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் முகமும் தெரிந்திருக்கும். அப்போது சக்கரத்தின் சத்தம் மாறியது. வடம் தொய்ந்து, தேர் தானாக உருளத் தொடங்கியிருந்தது. மேளத்தின் இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடினான், சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்தான். தேர் ஒருமுறை குலுங்கி நின்றது. மேல்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

அரசன் முகம் வெளுத்துப்போய் வந்தான். என்ன வேண்டுமானாலும் கேள் என்றான். சடையனுக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

"ஒண்ணும் வேணாம், மகாராசா. முட்டி விட்டுப்போச்சு. கட்டையை மாத்திப் பிடிக்க ஒரு ஆளு குடுங்க. ஒரு வீதி மட்டும் நான் சாமியப் பாத்துக்கறேன்."

அரசன் கூட்டத்தைப் பார்த்தான். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். கட்டை பிடிக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவனே கிரீடத்தைக் கழற்றி அமைச்சரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தான்.

"எப்படிப் பிடிக்கவேண்டும், சொல்லுங்கள் பெரியவரே" என்றான்.

கடைசி வீதி முழுக்க அரசன் கட்டை போட்டான். சடையன் தட்டுத்தடுமாறிப் பக்கத்தில் நடந்தபடி, இப்போது போடுங்கள், இப்போது எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். சக்கரத்தைக் காதால் கேட்டுக்கொண்டான். கண் மட்டும் மேலேயே இருந்தது.

ஊர் கும்பிடுவதற்காகக் குனிந்தே கிடப்பவனின் பாரத்தை ஒரு வேளையாவது மாற்றிப் பிடிப்பதுதான் பெரிய பக்தி.