திசை மாறிய வீடு

வெகு காலத்துக்கு முன்னே, அல்லிக்குறிச்சி நாட்டை மகரதீபன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் போட்ட ஆணை மதியத்துக்குள் மாறிவிடும். அப்படியொரு மனசு அவனுக்கு. அவனுடைய கல் அரண்மனை மழைக்காலத்தில் ஈரம் கோத்துச் சில்லிட்டுப்போகும். ராஜாவுக்கு ஓயாத தும்மல். ஐப்பசி மழைக்குள் புது வீடு வேண்டும் என்று சபையில் சொன்னான்.

கட்டட அதிகாரி வில்வராயர் மீசையை நீவிக்கொண்டு, கல்லில் கட்ட இரண்டு வருஷம் ஆகும் என்றார். சிம்மாசனத்தின் ஆடும் காலைச் செப்பனிட வந்திருந்த குழந்தைவேல் ஆசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரச்சட்டம் நிறுத்தி நாற்பதே நாளில் கட்டித் தருகிறேன் என்று வாயை விட்டார். தோற்றால் உளியைக் கீழே வைத்துவிட்டு நாட்டை விட்டே போகவேண்டும் என்றான் ராஜா. பக்கத்து மனையில் வில்வராயரும் கல்வீடு தொடங்கட்டும், இரண்டும் தெற்கு பார்க்கட்டும் என்று ஆணை பிறந்தது.

முப்பத்தைந்து நாள் ஆசாரியின் மனையில் ஒரு குச்சிகூட நடப்படவில்லை. வில்வராயர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆசாரியோ தன் பட்டறையிலேயே தூணும் உத்தரமும் இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி வெட்டி, எது எதனோடு சேரும் என்று அடையாளம் கீறிவைத்தார். முப்பத்தாறாம் நாள் வண்டிகள் வந்தன. நாலே நாளில் சட்டம் நிமிர்ந்து, பலகைச் சுவர் ஏறி, கூரையும் முடிந்தது. அன்று பெய்த மழையில் ராஜா உள்ளே படுத்துத் தும்மாமல் உறங்கினான். கல்வீடு இடுப்பு உயரத்தில் நின்றது.

வில்வராயருக்கு வயிறு எரிந்தது. அரண்மனை ஜோசியர் வீட்டுக்கு ஒரு கறவைப் பசுவை ஓட்டிவிட்டார். மறுநாளே ஜோசியர், தெற்கு வாசல் ராஜாவின் நட்சத்திரத்துக்கு ஆகாது என்றார்.

"ஆசாரி, நாலு நாளில் வீடு கிழக்கு பார்க்கவேண்டும். இல்லையென்றால் நீர் நடையைக் கட்டும்," என்றான் ராஜா.

ஆசாரி கும்பிட்டார். "உத்தரவு மகாராஜா. நட்சத்திரம் மரத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று என்று இராதே? பக்கத்து வீடும் தங்களுடையதுதானே?"

"ஆமாம், அதுவும் திரும்பட்டும்."

வில்வராயரின் முகம் சுண்டிப்போயிற்று.

ஆசாரியின் ஆட்கள் மர ஆணிகளைத் தட்டி எடுத்து, சட்டத்தைப் பிரித்து, அடையாளம் பார்த்து மறுபடி பூட்டினார்கள். நாலாம் நாள் வீடு கிழக்கு பார்த்து நிற்க, புதிதாகப் பால் காய்ச்சினார்கள். கல்வீட்டில் கடப்பாரைகள்தான் வளைந்தன.

ராஜா வில்வராயரைப் பார்த்தான். தெற்கும் நல்ல திசைதான், ஜோசியர் இன்னொரு முறை கணிக்கட்டும் என்று குழறினார் அவர். கழுத்துக்குப் பயந்த ஜோசியர் தெற்குக்கு ஒரு தோஷமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பசுவின் கதையும் கூடவே வெளியே வந்தது.

"அப்படியானால் வீட்டைப் பழையபடி தெற்கே திருப்புவோம்," என்றான் ராஜா. "இனி ஆசாரிதான் கட்டட அதிகாரி. உத்தரங்களை இவர்கள் இருவரும் சுமக்கட்டும்."

வில்வராயர் பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுருட்டி உத்தரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். நாலு நடை போனதும் மெல்ல ஆசாரியைக் கூப்பிட்டார்.

"என் வீட்டுச் சுவரிலும் மழைக்கு ஈரம் ஏறுது. எனக்கும் இப்படி ஒண்ணு கட்டித் தருவீரா?"

"தாராளமா. எந்தத் திசை பார்க்கணும்னு உங்க ஜோசியரைக் கேட்டுச் சொல்லுங்க."

மறுமுனையைச் சுமந்துவந்த ஜோசியருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாத் திசையும் நல்ல திசைதான்," என்றார்.