மீட்டமை என்றொரு பொத்தான்

கணினிச் சொற்களைத் தமிழாக்கும் பரஞ்சோதி, தன் ஆசிரியை மதிவதனியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். வயதில் அவர் மூத்தவர். சொல்லில் சீடர்.

"உள்ளே வாங்க ஐயா. ஆஸ்பத்திரி மெஷினில் உங்கள் சொற்கள் ஏறிவிட்டனவாமே. பார்த்தீர்களா?"

"பார்த்தேன் அம்மா." அவர் உள்ளே வரவில்லை. "ஒரு கேள்வி. ரீசெட் என்பதை மலையாளத்தில் அப்படியே எழுதுகிறார்கள். ஜப்பான்காரர்கள்கூட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் 'மீட்டமை' என்று போட்டது பிழையா?"

"சொல் இருக்கட்டும். முகம் ஏன் இப்படி இருக்கு?"

பரஞ்சோதி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"சீட்டு எடுக்கும் மெஷின் முன்னால் ஒரு பெரியவர். பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி, நெஞ்சைப் பிடித்தபடி. கட்டங்களையெல்லாம் ஒற்றை விரலால் நிரப்பினார். கடைசியில் இரண்டு பொத்தான். 'சமர்ப்பி', 'மீட்டமை'. எதை அழுத்துவதென்று தெரியாமல் விரல் நடுவில் நின்றது."

"நீங்கள்?"

"பின்னால்தான் நின்றேன்."

"சொல்லவில்லையா?"

"இன்னொரு முறை படித்தால் புரிந்துவிடும் என்று காத்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் என் சொல் தோற்றுவிடுமே."

மதிவதனி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மீட்டமையை அழுத்தினார். அடித்ததெல்லாம் அழிந்துபோனது. 'தள்ளுய்யா, இங்கயே குடியிருப்பே போல' என்று வரிசையில் நின்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அவர் திரும்பி என்னைத்தான் கேட்டார், 'எவன்யா இதை எழுதினவன்?'"

"என்ன சொன்னீர்கள்?"

"எவனோ வேலையத்தவன் என்றேன்."

"பிறகு?"

"பஸ் ஏறிவிட்டேன்." குரல் இறங்கியது. "சொல்லுங்கள் அம்மா. ரீசெட் என்றே விட்டிருக்கலாமா?"

"கட்டத்தில் யார் பெயரை அடித்தார்?"

"மனைவி பெயரை."

"என்ன பெயர்?"

ஒவ்வோர் எழுத்தாக அந்தப் பெயர் பரஞ்சோதியின் கண்ணெதிரேதான் திரையில் விழுந்தது. அவர் பார்வை முழுக்கக் கீழே, அந்தப் பொத்தானில் இருந்தது.

"கவனிக்கவில்லை அம்மா."

மதிவதனி எழுந்து வந்து, கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்.

"செருப்பு காலில்தானே இருக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க."